மழைக்காலத்தில் செடியைத் தின்னும் நத்தைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து வரும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்த நாத்து, காலையில காணோம்." "இலையெல்லாம் ஓட்டை, ஆனா பூச்சி ஒண்ணும் கண்ணுல படல." "வேப்பெண்ணெய் அடிச்சுப் பாத்துட்டேன், போகல." வருஷா வருஷம் இதையே பார்த்ததில் எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசியில் வாங்குவது என்று ஒரு வரிசை பழகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்து மாடித்தோட்டங்களையும் வீட்டுத் தோட்டங்களையும் வைத்துச் சொல்வது இது. நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையிலேயே இந்தத் தொல்லை ஆரம்பித்துவிடும், வழிமுறை அதேதான்.

இதில் முக்கியமாக இரண்டு பேர். ஒன்று, ஓடில்லா நத்தை: கறுப்பாகத் தட்டையாகத் தடித்த தோலோடு விரல் நீளத்துக்கு இருக்கும் வகையும், மெலிந்த பழுப்பு வகைகளும். இன்னொன்று, ஓடுள்ள ராட்சத ஆப்பிரிக்க நத்தை. அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

## எதையும் வாங்கும் முன்: ராத்திரி ஒரு சுற்று

மூட்டமான மழை நாளில் நத்தை பகலிலும் மேயும். ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்க நல்ல நேரம் இரவு எட்டரை மணிக்கு மேல்தான். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன இரவாக இருந்தால் இன்னும் நல்லது. டார்ச், ரப்பர் கையுறை, பழைய இடுக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகல வாய் டப்பா. இவ்வளவு போதும்.

சேதமான செடியின் இலைகளுக்கு அடிப்பக்கம், தண்டு மண்ணைத் தொடும் இடம், தொட்டி விளிம்பின் உள்பக்கம் மூன்றையும் பாருங்கள். அப்புறம் க்ரோ பேக்கை மெல்லச் சாய்த்து அடியைப் பாருங்கள். கறுப்பு நத்தை வடிகால் ஓட்டைக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, மிச்சப் பாதியைச் சுருக்கி வைத்திருக்கும். ஈர மண் அப்பிக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைப்பீர்கள். வெளிச்சம் பட்டாலும் அசையாது. இடுக்கியால் லேசாகத் தொட்டால் இன்னும் கொஞ்சம் சுருங்கும், அப்போதுதான் உயிருள்ளது என்றே தெரியும். இந்த ஓட்டையைப் பார்க்காமல் போய்விடுவதால்தான் பலர் "எங்க தோட்டத்துல நத்தையே இல்லை" என்கிறார்கள்.

முதல் இரவு எதுவும் சிக்கவில்லை என்றால் மறுநாள் இன்னும் தாமதமாக, பத்தரை மணி வாக்கில் ஒரு சுற்று. இரண்டு இரவும் வெறுங்கையாகத் திரும்பினால் வேறு காரணத்தைத் தேடுங்கள். நத்தைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். எலியிடமிருந்து வரும் ஒருவகை நுரையீரல் புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடம்பில் இருக்கலாம். அது மனிதருக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரை கொண்டுபோகும். கையுறை போட்டாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் புதினா, கொத்தமல்லி, லெட்யூஸ் போன்றவற்றை ஒவ்வொரு இலையாக ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வேகவைத்துச் சாப்பிடும் கீரைக்கு இந்தப் பயம் இல்லை.

## அறிகுறி: முளைத்த நாற்று காலையில் காணோம்

மிச்சம் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

தண்டு மண் மட்டத்தில் வெட்டுப்பட்டு, மேல் பாதி பக்கத்திலேயே கிடக்கிறது. வெட்டுப்புழு. தண்டைச் சுற்றி ஒரு அங்குல ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும். எடுத்துப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

தண்டின் அடி நீர்கோத்து மெலிந்து, நாற்று சாய்ந்து கிடக்கிறது. நாற்றழுகல். பூஞ்சை வேலை. தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்து, மிச்சமிருக்கும் நாற்றைக் காப்பாற்றப் பாருங்கள்.

மண் கிளறிக் கிடக்கிறது, நாற்று வேரோடு வெளியே வந்திருக்கிறது. அணில், எலி, காக்கை இவற்றில் ஒன்று. வலை போடுங்கள்.

மண் கலையவில்லை. குட்டையாகத் தண்டு மட்டும் நிற்கிறது, வித்திலைகள் இல்லை. இதுதான் நத்தை. மண்மேலோ தொட்டி விளிம்பிலோ காய்ந்து மினுமினுக்கும் தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரவு முழுக்க மழை பெய்திருந்தால் தடம் கரைந்துபோயிருக்கும், அதனால் தடம் இல்லை என்பதை மட்டும் வைத்து நத்தை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

நத்தை என்று தெரிந்தால்:

முதலில் நாற்று வளர்க்கும் குழித்தட்டின் அடியைத் துடைத்து, நத்தை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தட்டைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். பழைய மேசையோ, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பலகையோ எதுவானாலும் சரி. அடியில் ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் தூக்கி வைத்தால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். நத்தைக்கு அது தடைதான், ஆனால் டெங்குக் கொசு வளர்வதும் அதே தண்ணீரில்தான். வாரம் ஒருமுறை கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ முடியாது என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, தண்ணீர் விடும் நேரம். சாயந்திரம் விட்டால் ராத்திரி முழுக்க மண்ணின் மேல்பரப்பு ஈரமாக இருக்கும், நத்தைக்கு அதைவிட வசதி வேறில்லை. காலையில் விடுங்கள். மழை இல்லாத நாட்களில் இது ஒன்றே சேதத்தை நன்றாகக் குறைக்கும்.

மூன்றாவது, காலித் தண்ணீர் பாட்டில். அடியை வெட்டிவிட்டு நாற்றின்மேல் கவிழ்த்து, மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்துங்கள். மூடியைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வெயில் வந்ததும் உள்ளே வெந்துவிடும். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்கு இது நன்றாக வேலை செய்யும். நாலைந்து உண்மையான இலைகள் வந்து தண்டு கொஞ்சம் முற்றினதும் எடுத்துவிடலாம்.

கீரை விதைப்புக்கு பாட்டில் உதவாது. அதற்குச் சாக்குப் பொறிதான், அதைப் பின்னால் சொல்கிறேன். செண்டுமல்லி, காசித்தும்பை இரண்டும் நத்தைக்கு ரொம்பப் பிடித்தவை. அவற்றை மழைக்கு முன்பே விதைத்து, நாற்றைக் கொஞ்சம் பெரிதாக்கி நட்டால் தப்பிக்கும்.

## அறிகுறி: இலைகளில் ஓட்டை

நாற்று காணாமல் போவதைவிட இதில்தான் தவறாகக் கணிப்பவர்கள் அதிகம். ஓட்டையைப் பார்க்காதீர்கள், எச்சத்தைப் பாருங்கள்.

இலைமேல் உருண்டை உருண்டையாக உலர்ந்த எச்சம். கம்பளிப்புழு அல்லது புரொடீனியா என்ற இலைதின்னும் புழு. இலையைத் திருப்பினால் இருக்கும்.

நூல் திரித்து வளைத்துவைத்தது மாதிரி, கரும்பச்சையில், ஈரமான எச்சம். நத்தை. ஓட்டைகள் ஒழுங்கில்லாமல், இலையின் நடுவிலும் ஓரத்திலும் கலந்து இருக்கும். சில இடத்தில் மேல்தோலைச் சுரண்டிவிட்டு அடித்தோலைக் கண்ணாடி மாதிரி விட்டுவைத்திருக்கும்.

ரோஜா இலையின் ஓரத்தில் சுத்தமான அரைவட்ட வெட்டு. இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட எடுத்துப் போகிறது, செடிக்குக் கெடுதல் இல்லை. விட்டுவிடுங்கள்.

முள்ளங்கி இலையில் குண்டூசிக் குத்தல் மாதிரி நிறையச் சின்ன ஓட்டைகள். தத்து வண்டு.

தொட்டிக்கடியில் மரவட்டை கூட்டமாக இருக்கிறது. பழி பெரும்பாலும் அதன்மேல் விழும். ஆனால் அது முக்கியமாக மட்கிய குப்பையைத் தின்பது. மரவட்டையைக் கூட்டித் தள்ளிவிட்டு, நத்தையைத் தப்பவிட்ட வீடுகள் நிறைய.

நத்தை என்று உறுதியானால் கீழே சொல்லும் வரிசையில் செய்யுங்கள். மண்ணைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அவைதான் ஏணி. செடியைச் சுற்றிக் கிடக்கும் பழுத்த இலை, மண்ணை மூடப் பரப்பிய ஈர மூடாக்கு இரண்டையும் மழை முடியும்வரை ஒதுக்கி வையுங்கள். மூடாக்கைப் பற்றி நல்லதாகவே படித்திருப்பீர்கள், நானும் கோடையில் போடச் சொல்கிறவன்தான். ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழிவரை நகரத்துத் தொட்டிச் செடிக்கு அது தேவையில்லை. அப்புறம் இரவில் பொறுக்குவது. பத்துப் பதினைந்து தொட்டி இருக்கும் மாடிக்கு இதைவிடப் பலமான மருந்து கிடையாது.

வளர்ந்த செடியில் நாலு இலை ஓட்டையானால் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெண்டையும் பீர்க்கனும் அதைத் தாங்கிக்கொண்டு காய்க்கும். கீரைத் தொட்டியும் நாற்றும்தான் அவசரம்.

## அறிகுறி: பழம், மொட்டு, வேர் நுனி கடிபட்டிருக்கிறது

தரையைத் தொடும் தக்காளி, வெள்ளரி, ஸ்ட்ராபெர்ரி: ஒரு பக்கம் குழிவாகச் சுரண்டியிருந்தால் நத்தை. பழத்தை மேலே தூக்கிக் கட்டுங்கள், அல்லது அடியில் உலர்ந்த ஓட்டாஞ்சில்லு வையுங்கள். பழம் முழுக்கக் குடையப்பட்டு விதை சிதறியிருந்தால் எலி அல்லது அணில்.

ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் பச்சை வேர் நுனி மட்டும் காணாமல் போவதைப் பார்ப்பார்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கு நடுவே மிகச் சிறிய நத்தைகள் ஒளிந்திருக்கும். தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் முக்கி அரைமணி நேரம் வையுங்கள், உள்ளே இருப்பவை மூச்சுக்காக மேலே ஏறி வரும். எடுத்துவிட்டு நன்றாக வடியவிடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் மட்டையை முழுக்க மாற்றிவிடுவதுதான் வழி.

## அறிகுறி: தினமும் பொறுக்கியும் குறையவில்லை

இங்கேதான் பலர் சோர்ந்துபோய் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். போகும் முன் நாலு இடம் பார்க்க வேண்டும்.

படுக்கும் இடம் அப்படியே இருக்கிறதா? நத்தை தின்பது செடியில், பகலில் தூங்குவது வேறெங்கோ. தொட்டிக்கடியில் வைத்த தட்டு, முட்டுக்கொடுத்த செங்கல்லின் ஓட்டை, சுவரோரம் சாய்த்துவைத்த காலித் தொட்டிகள், சுருட்டிவைத்த பச்சை வலை, மடித்துவைத்த கோணிச் சாக்கு, தென்னை மட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இவை எல்லாவற்றையும் நகர்த்துங்கள். நான் போய்ப் பார்த்த மாடிகளில் பெரும்பாலும் செடிகளைவிடச் செடிகளுக்குப் பின்னால் அடுக்கிவைத்த காலித் தொட்டிகளில்தான் அதிகம் சிக்கும். தொட்டிகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் வெளிச்சமும் காற்றும் போகும்படி விட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். ஸ்டாண்டு செலவு என்றால் மூன்று செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி மேலே தொட்டியை வையுங்கள். ஓட்டை செங்கல் வேண்டாம், கெட்டிச் செங்கல்.

முட்டை இருக்கிறதா? தொட்டி ஓரத்து மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கரண்டியால் நோண்டுங்கள். வேகவைத்த ஜவ்வரிசி போலக் கண்ணாடித்தனமான உருண்டைகள் கொத்தாகவோ, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துச் சுருளாகவோ கிடந்தால் நத்தை முட்டை. அந்த மண்ணோடு அள்ளி வெயிலில் பரப்பிக் காயவிடுங்கள், அல்லது சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முட்டை பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், பெரிய நத்தைகள் தீர்ந்துவிட்டன என்று தோன்றிய பிறகும் ஒரு மாதம் ஒன்றரை மாதம் சுற்றுப் போவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த தலைமுறை தயாராகிவிடும்.

புதிதாக என்ன வந்தது? நர்சரியில் வாங்கிய செடி, மூட்டை தொழுவுரம், ஈரமான கோகோபீட், பக்கத்து வீட்டில் கொடுத்த கற்றாழை. மூன்றாவது மாடிக்கு நத்தை எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்: அது ஏறி வரவில்லை, நீங்கள் தூக்கி வந்தீர்கள். புதுச் செடியைப் பத்து நாள் தனியாக வையுங்கள். வந்த அன்றே கவரைக் கழற்றி வேர்ப்பந்தைச் சுற்றிப் பாருங்கள்.

பொறி வைத்தீர்களா? கோணிச் சாக்கை நனைத்து நாலாக மடித்து, சாயந்திரம் செடிகளுக்கு நடுவே போடுங்கள். மடிப்புக்குள் பப்பாளி இலையோ முட்டைக்கோஸின் வெளி இலையோ கொஞ்சம் வையுங்கள். காலையில் வெயில் ஏறும் முன், ஆறரை ஏழு மணிக்குள், சாக்கைப் பிரித்து உதறி எடுங்கள். ஒருநாள் எடுக்க மறந்தாலும் அது பொறி இல்லை, நத்தைக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த வீடு. சாக்கு இல்லையென்றால் கொட்டாங்கச்சியின் விளிம்பில் ஒரு சின்ன வாசல் உடைத்துக் கவிழ்த்து வைக்கலாம். முலாம்பழத் தோலும் சரிதான்.

வெளிநாட்டுக் காணொளிகளில் பீர்க் கிண்ணம் வைப்பார்கள். நத்தையை இழுப்பது பீர் அல்ல, அதன் புளித்த வாசனை. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றி, விளிம்பு மண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி புதையுங்கள். மண் மட்டத்துக்கே புதைத்தால் நத்தை தின்னும் நல்ல வண்டுகளும் விழுந்து சாகும். மழை பெய்தால் கலங்கிப்போகும் என்பதால் மழை விட்ட நாட்களுக்குத்தான் இது ஒத்துவரும். சாக்கு அளவுக்கு எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

பிடித்தவற்றைச் சோப்புத் தண்ணீரிலோ அடர்ந்த உப்புத் தண்ணீரிலோ போட்டு, மறுநாள் குழி தோண்டிப் புதையுங்கள். உப்புத் தண்ணீரைச் செடி இருக்கும் மண்ணில் கொட்டாதீர்கள். உயிரோடு காலி மனையில் வீசுவதும் வேண்டாம். திரும்பி வரும், அல்லது அந்த மனைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

தொட்டிக்கடியில் தேரை ஒன்று உட்கார்ந்திருந்தால் அதை விரட்டாதீர்கள். சின்ன நத்தைகளை அது பார்த்துக்கொள்ளும்.

## அறிகுறி: என்னென்னவோ போட்டும் கேட்கவில்லை

எதைப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

வேப்பெண்ணெய், பூச்சிமருந்து. நத்தை பூச்சி இனம் இல்லை. அசுவினிக்கும் புழுவுக்கும் அடிக்கும் மருந்து அதை அவ்வளவாக அசைக்காது. அடிப்பதை நிறுத்துங்கள், நல்ல பூச்சிகள்தான் சாகும்.

முட்டை ஓடு, செப்புப் பட்டை. இவை இரண்டையும் பற்றிக் கேட்காத வாரம் இல்லை. இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி 2018இல் வெளியிட்ட சோதனையில் லெட்யூஸ் செடிகளைச் சுற்றி முட்டை ஓடு, செப்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை என ஐந்தையும் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் சேதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முட்டை ஓட்டை உரக்குழியில் போடுங்கள். செப்புப் பட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சாம்பல், சுண்ணாம்பு. உலர்ந்திருக்கும்வரை நத்தை தயங்கும். நனைந்த நிமிஷத்தோடு சரி. நத்தை வருவதே நனையும் நாட்களில்தான் என்பதால் எனக்கு இதில் பெரிய பயன் தெரியவில்லை. தொட்டியில் அடிக்கடி தூவினால் மண்ணின் காரத்தன்மை வேறு ஏறும்.

உப்பு. நத்தை சாகும், கூடவே தொட்டி மண்ணும் கெடும். பத்து லிட்டர் தொட்டியில் கைப்பிடி உப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. மண் இல்லாத இடத்தில் மட்டும் உப்பு.

மெட்டால்டிஹைடு குருணை. உரக்கடையில் நத்தை மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் 2.5 சதவீத மெட்டால்டிஹைடைத் தருவார்கள். இது கேட்கவில்லை என்றால் காரணம் அநேகமாக மழை. இந்த மருந்தைத் தின்ற நத்தை உடம்பிலிருந்து நீரை இழந்து சாக வேண்டும், ஈரத்தில் கிடந்தால் சில நத்தைகள் தேறி எழுந்து போய்விடும். மழை இடைவெளி பார்த்து, சாயந்திரம், குவியலாக இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவ வேண்டும். கீரைத் தொட்டிக்குள் போடக் கூடாது. குழந்தைகளோ நாய் பூனையோ இருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்வதே இல்லை. வனவிலங்குகளுக்கு ஆபத்து என்று பிரிட்டனில் வெளித் தோட்டங்களில் இதைப் பயன்படுத்துவதை 2022இலிருந்து தடைசெய்துவிட்டார்கள்.

இரும்பு பாஸ்பேட் குருணை. கிடைத்தால் இதை வாங்குங்கள், விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. மற்ற உயிர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. தின்ற நத்தை மேய்வதை நிறுத்திவிட்டு எங்காவது ஒளிந்து சில நாளில் சாகும். செத்த நத்தை கண்ணில் படாததால் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் கொட்டாதீர்கள். புதிய சேதம் நின்றதா என்பதுதான் கணக்கு.

### நாயோ பூனையோ குருணையைத் தின்றுவிட்டால்

காத்திருக்காதீர்கள். மெட்டால்டிஹைடு குருணை தானிய மாவில் செய்தது, நாய்க்குப் பிடிக்கும். எச்சில் வழிதல், நடுக்கம், தள்ளாட்டம், உடம்பு கொதித்தல், வலிப்பு என ஒரு சில மணி நேரத்துக்குள் போய்விடும். இதற்கென்று முறிமருந்து கிடையாது, சீக்கிரம் மருத்துவரிடம் போவதுதான் காப்பாற்றும். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யாமல், மருந்துப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். குழந்தை வாயில் போட்டிருந்தால் 108, அல்லது பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கேயும் பொட்டலம் கையில் இருக்க வேண்டும்.

## அறிகுறி: உள்ளங்கை அளவு ஓட்டு நத்தை, சுவரிலும் மரத்திலும்

பழுப்பு நிறத்தில் வரிவரியாகக் கூம்பிய ஓடு, சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பது, பப்பாளி, முருங்கை, வாழை என்று எதையும் விடாமல் ஏறுவது. ராட்சத ஆப்பிரிக்க நத்தை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால்தான் சுவருக்கு வருகிறது. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டதில்தான் இந்தியாவில் இது ஆரம்பித்தது. அந்த ஒரு தோட்டத்தோடு அது நிற்கவில்லை என்பதற்கு இன்று உங்கள் மதில் சுவர் சாட்சி.

ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்தது. ஒருதடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வறண்ட காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே கோடையில் காணோம் என்றால் ஒழிந்தது என்று அர்த்தமில்லை.

ஒன்றிரண்டுதான் பார்த்தீர்கள். கையுறையோடு எடுத்து அடர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு, செத்த பிறகு ஓட்டை உடைத்து, ஒரு அடிக்கு மேல் ஆழமாகச் சுண்ணாம்புத் தூவிப் புதையுங்கள். கிடைத்த இடத்தைச் சுற்றி மண்ணைக் கிளறி முட்டை தேடுங்கள். இளமஞ்சள் வெள்ளையில் கெட்டி ஓடோடு குவியலாக இருக்கும்.

ஒவ்வொரு இரவும் பத்து இருபது வருகிறது. உங்கள் தோட்டத்தில் மட்டும் பொறுக்கிப் பயனில்லை, பக்கத்து மனையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மதிலோரத்துப் புதர், கட்டுமானக் கழிவு, மரக்கட்டை அடுக்கு மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே இரவில் சாக்குப் பொறி வையுங்கள். மரத்தின் அடித்தண்டில் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசினால் ஏறுவது குறையும். புதர் இருக்கும் மனைகளில் செம்போத்து வந்தால் சந்தோஷப்படுங்கள், இந்த நத்தையைக் கொத்தித் தின்னும் பறவைகளில் அதுவும் ஒன்று.

தெரு முழுக்க, வயல் முழுக்க. இது தனியாள் வேலை இல்லை. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், கூடவே படமும் நாள் குறிப்பும். அந்தந்த மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். செங்கல்பட்டுப் பக்கத்துக்குக் காட்டுப்பாக்கம். அலைய முடியாதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். காலி மனை குப்பைமேடாகிக் கிடப்பதுதான் மூலம் என்றால் உள்ளாட்சிக்கும் ஒரு மனு. வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களை இதற்குக் கூப்பிடுவது வீண்செலவு. வரச் சொல்லும் முன் கரப்பான் மருந்தைத் தவிர நத்தைக்கென்று என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

## அறிகுறி: மின்னும் தடம் இருக்கிறது, சேதம் எதுவும் இல்லை

தொட்டி மண்ணில் ஊசி மாதிரி நீண்ட ஓட்டோடு, அரை அங்குலத்துக்கும் குறைவான நத்தைகளைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை மட்கியதைத்தான் தின்கின்றன. இளநாற்றுத் தொட்டியில் மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றபடி விட்டுவிடலாம்.

## அறிகுறி: குளியலறையிலும் சமையல் தொட்டியிலும் நத்தை

காலையில் குளியலறைத் தரையில் ஒரு கோடு, மூலையில் ஒரு நத்தை. இது செடிக்காக வரவில்லை, ஈரத்துக்காகவும் வடிகாலில் படிந்த வழுவழுப்பைத் தின்னவும் வருகிறது.

தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போங்கள். ஒன்று வடிகால் மூடியில் முடியும், அல்லது சுவருக்கும் தரைக்கும் நடுவே உள்ள விரிசலில், அல்லது ஜன்னலில். வடிகால் என்றால் மூடிக்கு அடியில் சின்னக் கண் வலை ஒன்றை வெட்டிப் போட்டு, உள்பக்கத்தை பிரஷ்ஷால் தேய்த்து, இரவில் படுக்கும் முன் ஒரு கைப்பிடி கல்லுப்பு. இங்கே மண் இல்லை, உப்புத் தாராளமாகப் போடலாம். விரிசல் என்றால் வெள்ளைச் சிமெண்ட் போதும். ஜன்னல் என்றால் அதையொட்டி வைத்திருக்கும் தொட்டியை ஓரடி தள்ளி வையுங்கள், சுவரைத் தொடும் கொடியை வெட்டுங்கள்.

மூன்றையும் அடைத்த பிறகும் வந்துகொண்டிருந்தால் தரைக்கடியில் குழாய் எங்கேயோ கசிகிறது. அதற்கு மேல் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து தரை டைல்ஸைக் கழற்றும் முன் நத்தை எந்த மூலையில் அதிகம் கிடைத்தது என்று சாக்பீஸால் குறித்துவைத்தால் உடைக்க வேண்டிய தரை குறையும்.